மகனுக்கு முதல் கில்ட்: ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

நவம்பர் பிறந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வரும். 30-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் தேசிய நாளான செயின்ட் ஆண்ட்ரூஸ் டே, பிள்ளைகள் டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் உடை போட்டு வரலாம் என்று இருக்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். பிள்ளைகள் அவருடைய பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், முடிந்தால் கில்ட்டோடு, அதாவது இங்கே ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், முட்டி வரை வரும் டார்ட்டன் உடையோடு. நடுவில் அலுவலகத்தில் யாராவது கல்யாணத்துக்கு அழைத்து, பையனுக்கும் கில்ட் போட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். நாங்கள் கிளாஸ்கோவுக்கு வந்த முதல் வருடம் இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தன. பையனுக்கு அப்போது ஐந்து வயது. எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது, மாட்டேன் என்று அழுதால் என்ன செய்வது, ஒன்றும் தெரியாது.

இப்போது அவனுக்குப் பதினொன்று. மூன்றாவது கில்ட்டும் சின்னதாகிக்கொண்டு வருகிறது. எப்போது கட்டலாம் என்று அவனே கேட்கிறான். இடையில் நாங்கள் செய்த தப்புகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கட்டுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஊரில் பொங்கலன்று அப்பா வேட்டி கட்டுவதைப் பார்த்துத்தான் பிள்ளை தனக்கும் ஒரு குட்டி வேட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கும். அப்பா பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளையை மட்டும் வேட்டி கட்டச் சொன்னால் அது வேஷம்தான். கில்ட்டும் அப்படியே.

நான் முதல் வருடம் கோட்டும் பேன்ட்டுமாக நின்றுகொண்டு மகனைக் கில்ட் போடு என்று கெஞ்சினேன். "நீங்க போடலையே?" என்று கேட்டான். பதில் இல்லை. அடுத்த தடவை வாடகைக்கு எனக்கும் ஒன்று எடுத்தேன். அன்று அவன் என்னை முந்திக்கொண்டு காலுறையை மாட்டினான்.

உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், கட்டிய ஆண்களை அவன் நிறையப் பார்க்கட்டும். கிளாஸ்கோவில் புக்கானன் தெருவில் சனிக்கிழமை நடந்தாலே பைப் என்கிற பை வைத்த ஊதுகுழல் வாசிப்பவர் யாராவது கில்ட்டோடு நிற்பார். ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்ட் போட்டி நடக்கும். ஆயிரக்கணக்கானவர்கள், அதில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களும், முழு உடையில் புல்தரையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருப்பார்கள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் என்ற ஊரில் ஹைலேண்ட், அதாவது ஸ்காட்லாந்தின் மலைநாட்டு, விளையாட்டு நடக்கும். மரத்தடியைத் தூக்கி எறிகிற மாமிச மலை போன்ற ஆட்கள் எல்லோரும் கில்ட்தான். ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து கால்பந்து ஆடும் நாளில் மைதானத்துக்குப் போகும் கூட்டத்தைக் காட்டுங்கள். மேலே அணியின் ஜெர்சி, கீழே கில்ட், காலில் பூட்ஸ். என் மகனுக்கு மனம் மாறிய இடம் அதுதான். கில்ட் என்றால் கழுத்தை இறுக்கும் டையும் கோட்டும் சேர்ந்துதான் வரும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

டார்ட்டனை அவனே எடுக்கட்டும்

டார்ட்டன் என்பது அந்தக் கட்டம் போட்ட கம்பளித் துணி. ஒவ்வொரு வகைக்கும் பெயர் உண்டு. 2009-இலிருந்து அரசாங்கமே இதற்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

புதிதாக வந்த நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த டார்ட்டன்கள் எல்லாம் மெக்டொனால்ட், கேம்பெல் என்று குடும்பப் பெயரோடு இருக்கின்றனவே, நாம் கட்டினால் தப்பாக நினைப்பார்களா? மாட்டார்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற ஒழுங்கே பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் உறுதியானதுதான். பால்மோரல் என்ற ஒன்று மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது. அதை விட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாகக் கருதப்படுபவையும் உண்டு. பிளாக் வாட்ச் கரும்பச்சையும் கருநீலமும். சேறு, சாஸ் எதுவும் தெரியாது, அதனால் சின்னப் பையன்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். ராயல் ஸ்டீவர்ட் பளிச்சென்ற சிவப்பு, பிஸ்கட் டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள். ஊருக்கென்று டார்ட்டன்கள் இருக்கின்றன: கிளாஸ்கோ, எடின்பரா, அபர்டீன், டண்டீ. பிள்ளை பிறந்த ஊரோ வளர்கிற ஊரோ எதுவோ, அதன் டார்ட்டனைக் கட்டும்போது ஒரு உரிமை வந்துவிடுகிறது. என் மகனிடம் யாராவது இது என்ன டார்ட்டன் என்று கேட்டால், கிளாஸ்கோ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்களுக்கென்று சிங் டார்ட்டன் ஒன்றையே உருவாக்கிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வாங்குவதா, வாடகையா?

முதல் தடவை வாடகைக்கு எடுங்கள். பல ஊர்களில் வாடகைக் கடை இருக்கும். கில்ட், கோட்டு, வெயிஸ்ட்கோட், சட்டை, டை, பெல்ட், காலுறை, ஷூ, இடுப்புப் பை எல்லாம் ஒரே செட்டாகத் தருவார்கள். கைக்குழந்தை அளவிலிருந்தே கிடைக்கும். கோடைக்காலச் சனிக்கிழமைகள் கல்யாண சீசன், அப்போது சின்ன அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். வாங்கி வந்த அன்று இரவே முழுசாகப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்தன்று காலையில் பையைத் திறந்தால் இடது கால் ஷூ இரண்டு இருந்தது எங்கள் நண்பர் ஒருவருக்கு.

வாங்குவதென்றால் துணியைத் தொட்டுப் பாருங்கள். நான் முதலில் ஏமாந்தது இதில்தான். சுற்றுலாப் பயணிகளுக்கான கடை ஒன்றில் விலை குறைவு என்று அக்ரிலிக் கில்ட் எடுத்தேன். இடுப்புப் பட்டையின் உட்பக்கம் உப்புத்தாள் மாதிரி இருந்திருக்கிறது, நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. பள்ளிக்குப் போகும் வழியிலேயே அரிக்கிறது அரிக்கிறது என்று காரில் கழற்றி எறிந்துவிட்டான். இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. அவன் சொன்னதை முதலிலேயே கேட்காமல் பிடிவாதம் என்று நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். பிள்ளை கில்ட் வேண்டாம் என்றால் பாதி நேரம் அது அரிக்கிறது, இறுக்குகிறது அல்லது நழுவுகிறது என்றுதான் அர்த்தம். வெட்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இடுப்பைப் பாருங்கள்.

நல்ல கம்பளித் துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். 10, 11 அவுன்ஸ் என்றால் மெல்லியது, 13 நடுத்தரம், 16 கனமானது. பெரியவர்களின் கில்ட்டுக்கு 8 கஜம் துணி போகும். இதைக் கேட்டதும் என் மனைவி, மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல் என்றாள். பையன்களுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். மெல்லிய கம்பளி நல்லது. துவைக்கும் மெஷினில் போடக்கூடியது வேண்டுமென்றால் பாலி விஸ்கோஸ் என்று கேளுங்கள். ஐந்தாறு வயதுக்கு அது தாராளம், அரிக்கவும் அரிக்காது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பே கிடையாது, எதைக் கட்டினாலும் இறங்கும். மேலே கையில்லாத பனியன் மாதிரி ஒரு துணியோடு சேர்த்துத் தைத்த கில்ட் கேட்டால் கிடைக்கும். தோளில் தொங்கும், நழுவாது, மேலே சட்டையோ ஸ்வெட்டரோ போட்டால் வெளியில் தெரியாது. இல்லாவிட்டால் பேன்ட்டுக்குப் போடுகிற தோள்பட்டி ஒன்று மாட்டிவிடுங்கள். பின்பக்கம் எலாஸ்டிக், பக்கத்தில் வெல்க்ரோ வைத்த கில்ட்டும் உண்டு. தனியாகக் கழிப்பறைக்குப் போகிற வயதில் இதுதான் நிம்மதி.

அளவு எடுப்பது

கடைக்காரர் எடுப்பார். இணையத்தில் வாங்கினால் நீங்கள்தான் எடுக்க வேண்டும். கில்ட் உட்காரும் இடம் அரைஞாண் கட்டும் இடம் அல்ல. அதற்கு மேலே, தொப்புளுக்கு நேராக. அங்கே நாடாவைச் சுற்றி, ஒரு விரல் உள்ளே நுழைகிற அளவுக்கு விட்டு அளக்கவும். அடுத்து பிட்டத்தின் அகலமான இடத்தைச் சுற்றி ஒரு அளவு.

நீளத்துக்கு அவனை முட்டிபோட்டு நேராக நிற்கச் சொல்லுங்கள். தொப்புளிலிருந்து தரை வரைக்கும் அளந்து அதில் ஒரு அங்குலம் கழித்துவிடுங்கள். எழுந்து நின்றால் விளிம்பு முட்டிச் சிப்பியின் நடுவிலோ மேல் ஓரத்திலோ வந்து நிற்கும். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று நீளமாக எடுக்க வேண்டாம். முட்டிக்குக் கீழே இறங்கினால் ஓடும்போது தடுக்கும், பார்க்கவும் நம் ஊர்ப் பாவாடை மாதிரி ஆகிவிடும், அவன் கூசிப்போவான். அதற்குப் பதிலாக, தைக்கும்போதே உள்ளே ஒரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பக்கிளையும் நகர்த்தித் தைக்க முடியும். பையன்கள் உயரும் வேகத்தில் இடுப்பு பெருப்பதில்லை.

கட்டும் வரிசை

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இளமையில் பைப் பேண்டில் டிரம் அடித்தவர். வரிசை முக்கியம், கில்ட் கடைசிக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பார்.

முதலில் உள்ளாடை. கில்ட்டுக்குள் ஸ்காட்லாந்து ஆண்கள் ஒன்றும் போடுவதில்லை என்ற பேச்சைப் பிள்ளையும் எங்காவது கேட்டுவிட்டு வரும். பையன்களுக்குக் கறுப்பு நிறப் பருத்தி அரை டிரவுசர் கட்டாயம். பள்ளிக்கூடமும் அதைத்தான் எதிர்பார்க்கும். உள்ளே டிரவுசர் இருக்கிறது என்று தெரிந்தாலே பையனின் பாதி பயம் போய்விடும்.

அடுத்து சட்டை, நீளமானதாக, கில்ட்டுக்குள் நன்றாகச் செருகும்படி. கம்பளிக்கும் தோலுக்கும் நடுவில் பருத்தி இருந்தால் அரிப்பு என்ற பேச்சே வராது.

அப்புறம் காலுறை, ஷூ. கில்ட் கட்டிய பின் குனிந்தால் மடிப்புகள் கலையும், அதனால் இதை முன்னாலேயே முடிக்க வேண்டும். தடித்த நீளக் காலுறையை இழுத்து, முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டு மடித்துவிடவும். அந்த மடிப்புக்குள் எலாஸ்டிக் பட்டை ஒன்று போகும், அதிலிருந்து இரண்டு ரிப்பன் துண்டுகள் காலின் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும். அதற்கு ஃபிளாஷ் என்று பெயர். இறுக்கிவிடாதீர்கள், விரல் நுழைய வேண்டும். ஷூவுக்கு நாக்கு கிடையாது. நீண்ட கயிறுகளை முன்னால் இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, கணுக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். பார்க்க அழகு, ஓடினால் அவிழும். என் மகன் கல்யாண மண்டபப் படியில் அந்தக் கயிற்றை மிதித்துத்தான் விழுந்தான், முட்டி இரண்டும் தேய்ந்து போயிற்று. பத்து வயது வரைக்கும் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவே போதும்.

இப்போது கில்ட். மடிப்புகள் எல்லாம் முதுகுப் பக்கம், மடிப்பில்லாத தட்டையான பகுதி முன்னால். அவன் பின்னால் நின்று கில்ட்டை விரித்துப் பிடியுங்கள். வலப்பக்கத்திலிருந்து வரும் உள் மடல் வயிற்றைக் கடந்து இடப்பக்கம் போகும். அதன் பட்டை இடது இடுப்பில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். பிறகு இடப்பக்கத்து மேல் மடலை வலப்பக்கம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஆண்களின் கில்ட் திறக்கும் பக்கம் வலதுதான். மேல் மடலின் நடுக்கோடு தொப்புளுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, கையை இரண்டு பக்கமும் வைத்து லேசாகத் திருப்பிச் சரி செய்யுங்கள். பின்பக்க மடிப்புகளை மேலிருந்து கீழே ஒருமுறை தடவிவிடுங்கள். நன்றாகத் தைத்த கில்ட் என்றால் மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டம் துண்டுபடாமல் அப்படியே தொடரும். முதன்முதலில் இதைக் கவனித்தபோது, பட்டுச் சேலையின் கொசுவத்தில் கரை வரிசையாக விழுவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு.

கில்ட் பின் என்கிற ஊசியை மேல் மடலின் வலது கீழ் மூலையில் குத்துவார்கள். மேல் மடலில் மட்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் பிள்ளை காலை அகட்டும்போது துணி கிழியும்.

கடைசியாக ஸ்போரன். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது, அதனால் முன்னால் தொங்குகிற இந்தத் தோல் பைதான் பாக்கெட். பெல்ட்டுக்கு மூன்று நான்கு விரல் கீழே தொங்க வேண்டும். பையனைக் கில்ட் பக்கம் இழுக்க ஒரே ஒரு வழிதான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: ஸ்போரனை அவனுடையதாக்கிவிடுங்கள். உள்ளே என்ன வைக்கலாம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு தடவை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் என் மகனின் ஸ்போரனைக் கவிழ்த்தேன். குதிரைச் செஸ்ட்நட் காய் மூன்று, வழவழப்பான ஒரு கூழாங்கல், பேருந்துச் சீட்டு, பாதி தேன்குழல். ஆடும்போது அடிபடாமல் இருக்க ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்ளலாம், பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

காலுறையில் செருகுகிற சின்னக் கத்தி ஒன்று உண்டு, ஸ்கீயன் டூ என்பார்கள், கேலிக் மொழியில் கறுப்புக் கத்தி என்று பொருள். தேசிய உடையின் பகுதியாக அதை வைத்துக்கொள்ள ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் பிள்ளைகளுக்கு உண்மையான கத்தி வேண்டவே வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் உள்ளது கிடைக்கும். பள்ளிக்குப் போகும் நாளில் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஒத்திகை

விசேஷ நாளன்று முதல்முறையாகக் கட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னால் சாயங்காலம் வீட்டில் ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு திரியட்டும். மேலே டீ-சட்டையே போதும்.

உட்காருவதற்கு முன் இரண்டு கையாலும் பின்பக்க மடிப்புகளைத் தடவி அடியில் சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும், முட்டிகளைச் சேர்த்து, ஸ்போரன் நடுவில் விழும்படி. சம்மணம் போட்டு உட்காருவது சரிவராது. படியேறுவது, காரில் ஏறுவது எல்லாம் இரண்டு முறை பழகினால் போதும். கழிப்பறைதான் முக்கியம். ஸ்போரனைப் பக்கவாட்டில் தள்ளி, முன் மடலை மேலே தூக்கி முகவாயில் கவ்விக்கொள்வது அல்லது ஒரு கையால் வயிற்றோடு அழுத்திக்கொள்வது. நேரில் செய்து பார்க்க விடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக் கழிப்பறையில் தனியாக நின்று தவிப்பது இதற்காகத்தான். வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

ஆடவும் விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிறையப் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பில் கேலி நடனங்கள் சொல்லித் தருவார்கள். கே கார்டன்ஸ், ஸ்ட்ரிப் த வில்லோ என்று பெயர்கள். கேலி என்றதும் நம் காதில் கிண்டல் என்று விழும், இங்கே ஊர் கூடி ஆடுகிற ஆட்டம் அது. சுழன்று ஆடும்போது கில்ட்டின் மடிப்புகள் விரிந்து பறப்பதைப் பிள்ளையே கண்ணாடியில் பார்க்கட்டும். அதற்கப்புறம் பேன்ட்டோடு ஆட மனம் வராது.

கேட்பவர்களுக்குப் பதில்

கேலி செய்பவர்களில் முதல் ஆள் பெரும்பாலும் நம் வீட்டு ஆளாகத்தான் இருப்பார். வீடியோ அழைப்பில் படத்தைப் பார்த்த என் அம்மா, "ஏய்யா, ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பாவாடையக் கட்டிவிட்டிருக்க? முட்டி வேற தெரியுது, குளிராதா?" என்று கேட்டார். மகன் முந்திக்கொண்டான். "ஆச்சி, இது பாவாடை இல்ல. கம்பளி வேட்டி. தாத்தா மடிச்சுக் கட்டுவாங்கல்ல, அது மாதிரி." அம்மா அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த அழைப்பில், கம்பளி வேட்டியைக் கட்டிக் காட்டு என்று அவரே கேட்டார்.

அவன் சொன்னது தற்செயலாகச் சரியாகவும் அமைந்துவிட்டது. கில்ட் என்ற சொல்லே ஆடையைத் தூக்கிச் செருகிக் கட்டுவது என்ற பொருளில் ஸ்காட்லாந்து வழக்கில் இருந்த வினைச்சொல்தான். ஆதியில் அது தைத்த உடையே அல்ல. நீளமான ஒரு கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி பெல்ட் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள பாதியை மட்டும் தனியாக்கிய சின்ன கில்ட் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

அந்த அழைப்புக்குப் பிறகு எங்கள் வீட்டில் பாவாடை என்ற சொல்லை அவன் முன்னால் யாரும் எடுப்பதில்லை. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகக்கூட வேண்டாம்.

குளிரைப் பற்றி ஆச்சி கேட்டதற்கு: பின்னால் மடிப்புமேல் மடிப்பாகக் கம்பளி இருப்பதால் இடுப்பும் தொடையும் சூடாகவே இருக்கும். முட்டி மட்டும் சிலிர்க்கும். ஓடியாடுகிற பிள்ளைக்கு அது உறைப்பதே இல்லை.

பள்ளியில் யாராவது கில்ட்டைத் தூக்கிப் பார்த்தால் அது விளையாட்டு இல்லை என்று உங்கள் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சத்தமாக நிறுத்து என்று சொல்லிவிட்டு ஆசிரியரிடம் போக வேண்டும். உங்களிடம் வந்து சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள், பள்ளிக்கு எழுதுங்கள். அதே மாதிரி எடின்பரா பக்கம் போனால் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அவன் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்.

இரவு படுக்கும்போது சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், அரசரை எதிர்த்து நின்ற ஹைலேண்ட் படை தோற்றது. அந்த வருடமே லண்டன் நாடாளுமன்றம், ஹைலேண்ட் உடையை இனி ஆணோ சிறுவனோ யாரும் அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆம், சிறுவன் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடியும் என்றால் ஏழு வருடம் கடல் கடந்து நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல்தான் சட்டத்தை எடுத்தார்கள். பின்னால் 1822-இல் எடின்பராவுக்கு வந்திருந்தபோது நான்காம் ஜார்ஜ் அரசரே கில்ட் கட்டினார். விக்டோரியா அரசி தன் மகன்களுக்குச் சின்ன வயதிலேயே கில்ட் போட்டு வளர்த்தார். இதைக் கேட்ட இரவு என் மகன், "ஐந்து வயசுப் பையனையும் பிடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. மறுநாள் அவன் கில்ட்டைக் கட்டிய விதமே வேறு.

மாட்டேன் என்றால்

விட்டுவிடுங்கள். ஒருநாள் விசேஷத்துக்காக அழ வைத்துக் கட்டினால் அதன்பின் அவன் அந்த உடையைத் தொடமாட்டான். ட்ரூஸ் என்று டார்ட்டன் துணியில் தைத்த பேன்ட் இருக்கிறது. அதுவும் பழைய காலத்து ஹைலேண்ட் உடைதான், குறைந்தது ஒன்றும் இல்லை. டார்ட்டன் வெயிஸ்ட்கோட், டை, ஒரு மஃப்ளர் போதும். இன்னொரு வழியும் உண்டு. நடனத்திலோ பைப் பேண்டிலோ சேர்த்துவிட்டால், அங்கே எல்லாப் பையன்களும் கட்டுவதால் கேள்வியே எழாது. ஹைலேண்ட் நடன வகுப்புகளில் பெண் பிள்ளைகளே அதிகம், ஒரு பையன் வந்தால் ஆசையாக வரவேற்பார்கள்.

வீட்டில் வேட்டியும் கட்டிப் பழகட்டும். இரண்டையும் கட்டத் தெரிந்த பையன் எதற்கும் கூச மாட்டான், நான் கண்ணால் பார்த்தது. எங்கள் வீட்டில் ஜனவரியில் பொங்கலுக்கு வேட்டி, பத்துப் பதினோரு நாளில் பர்ன்ஸ் நைட்டுக்குக் கில்ட். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.

கழற்றிய பின்

கம்பளிக் கில்ட்டை மெஷினில் போடாதீர்கள். இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டி, காற்றுப் படும் இடத்தில் ஒரு இரவு தொங்கவிட்டால் வாடை போய்விடும். சேறு பட்டால் ஈரத்தோடு தேய்க்கக் கூடாது. காயவிட்டு பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். மழையில் நனைந்தால் மடிப்புகளை விரலால் ஒழுங்குபடுத்தித் தொங்கவிடுங்கள், ஹீட்டர் மேல் போட வேண்டாம். மடிப்பு கலைந்துவிட்டால் ஒவ்வொன்றையும் அடுக்கி விளிம்பில் நூலால் ஓட்டுத் தையல் போட்டு, ஈரத்துணி விரித்து மேலே இஸ்திரியை அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு நூலை உருவிவிடலாம். ஊருக்கு எடுத்துப்போவதென்றால் மடிக்காதீர்கள். இடுப்பிலிருந்து விளிம்பு வரை நீளமாக நிற்கும்படி பாய் போல் சுருட்டி, பழைய நைலான் காலுறை ஒன்றுக்குள் இழுத்துவிடுங்கள், கசங்காது. பைப் வாசிப்பவர்கள் செய்வது இது. கோடையில் எடுத்து வைக்கும்போது அந்துப்பூச்சிக்குத் தேவதாரு மரத்துண்டு ஒன்று பக்கத்தில் போடுங்கள்.

சின்னதாகிவிட்ட கில்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே ஒரு துணித்துண்டு தைத்து இடுப்பளவு, நீளம், எந்த வயதில் கட்டினான் என்று பேனாவால் எழுதி வையுங்கள். எங்கள் முதல் பாலி விஸ்கோஸ் கில்ட் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது, மதுரையிலிருந்து போன வருடம் வந்த ஒரு குடும்பத்தில். அந்தத் துண்டில் மூன்று கையெழுத்து சேர்ந்துவிட்டது. ஸ்போரனை மட்டும் மகன் தரமாட்டேன் என்றுவிட்டான், அந்தப் பையனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தோம்.